இரண்டு நாள் சான்றிதழா, நான்கு மணி நேரப் பழக்கமா? மேலாளர்களுக்கான மனநலப் பயிற்சிகள்: ஒரு மதிப்புரை

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஹெச்.ஆர். மின்னஞ்சலில் கொட்டேஷன்கள் குவியும். 60 நிமிட வெபினார், அரை நாள் வொர்க்‌ஷாப், இரண்டு நாள் சான்றிதழ்ப் பயிற்சி என்று அளவுதான் வேறு. முதல் பத்து ஸ்லைடு எல்லாவற்றிலும் ஒன்றுதான். உலகத்தில் எத்தனை கோடிப் பேருக்கு மனச்சோர்வு, எத்தனை கோடி வேலை நாட்கள் வீண், மனச்சோர்வின் அறிகுறிகள் ஒன்பது, மூச்சை நான்கு எண்ணும்வரை இழுங்கள். கேட்டுவிட்டு டீம் லீட் தன் இடத்துக்குத் திரும்புவார். போன மாதம்வரை கலகலவென்று இருந்த பெண், இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் காலை எட்டரைக்கு லீவு கேட்டு மெசேஜ் போட்டிருப்பார். அதற்கு என்ன பதில் போடுவது என்று வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த மதிப்புரை அந்தப் பதிலை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறது. எடுத்துக்கொண்டவை மூன்று. உலகம் முழுக்க நடக்கும் 'மென்டல் ஹெல்த் ஃபர்ஸ்ட் எய்ட்' என்ற மனநல முதலுதவிப் பயிற்சி. ஆஸ்திரேலியத் தீயணைப்பு அதிகாரிகளிடம் சோதித்துப் பார்த்த 'ரெஸ்பெக்ட்' என்ற நான்கு மணி நேரப் பயிற்சி. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ. இலவசமாகத் தரும் வினாத்தாள்கள். முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். மேலாளர்களை ஒரு நாள்தான் விடுவிக்க முடியும் என்றால், காலையில் ரெஸ்பெக்ட் பாணியில் பேச்சுப் பழக்கம், மதியம் ஹெச்.எஸ்.இ. வினாத்தாளை வைத்துக்கொண்டு வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அலசுவது. முதலுதவிச் சான்றிதழை, தாமாக முன்வரும் சிலருக்கு மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

முதலுதவிப் பயிற்சி 2000-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. செவிலியரான பெட்டி கிச்சனரும் மனநல ஆய்வாளரான டோனி ஜார்மும் தொடங்கினார்கள். மாரடைப்பு வந்தவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம் என்று கற்றுத்தருகிறோம் இல்லையா, மன நெருக்கடியில் தவிப்பவருக்கும் அதே போல ஒன்று இருக்கட்டுமே என்பதுதான் யோசனை. இன்று 25-க்கும் மேற்பட்ட நாடுகளில், இந்தியா உட்பட, உரிமம் பெற்ற அமைப்புகள் நடத்துகின்றன. வழக்கமான வடிவம் 12 மணி நேரம். பெரும்பாலும் இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். மனச்சோர்வு, பதற்றம், சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை), மது மற்றும் போதைப் பழக்கம் ஆகியவை பாடங்கள். தற்கொலை எண்ணம், சுயகாயம், பேனிக் அட்டாக், ஆவேசமான நடத்தை ஆகியவை நெருக்கடிகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக 'அல்ஜீ' என்று ஐந்தெழுத்துச் சூத்திரம் ஒன்று உண்டு. அணுகி, நெருக்கடி இருக்கிறதா என்று பார்ப்பது, குறை சொல்லாமல் கேட்பது, ஆதரவும் தகவலும் தருவது, மருத்துவ உதவிக்கு வழிகாட்டுவது, குடும்பம் நண்பர் என்று மற்ற துணைகளையும் நாடச் சொல்வது என்று ஐந்து படி. இந்த ஐந்தெழுத்தை நினைவில் நிறுத்த ஒரு கோவாலா பொம்மைகூட வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நன்றாகத்தான் நிற்கிறது. தமிழில் வகுப்பெடுத்ததும் எழுத்துகள் உதிர்ந்துவிடும், பொம்மை மட்டும் மிஞ்சும். பெருந்துறையிலோ ஒரகடத்திலோ ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு நடத்துவதாக இருந்தால், 'பார், கேள், சொல், அனுப்பு, மறுபடி வா' என்பது மாதிரி ஒன்றைத் தமிழிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

இதில் நல்லது நிறைய இருக்கிறது. சைக்கோசிஸ் பற்றிய பகுதி மற்ற அலுவலகப் பயிற்சிகளில் கிடைக்கவே கிடைக்காது. 'என் மெயிலை யாரோ படிக்கிறாங்க, கேமரா வெச்சிருக்காங்க' என்று ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது, அது பொய் என்று வாதாடவும் கூடாது, ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது; 'அப்படி நினைச்சுக்கிட்டு இங்க உக்காந்திருக்கறது ரொம்பப் பயமா இருக்குமே' என்று பயத்துக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர் மறக்க மாட்டார். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கும் பகுதியும் அப்படித்தான்; அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இல்லை. ஹெச்.எஸ்.இ. 2018-ல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பயிற்சி எடுத்தவர்களின் விழிப்புணர்வு கூடுகிறது என்பதற்குத் தொடர்ந்து ஆதாரம் இருந்தது; பணியிடத்தில் மனநலப் பிரச்சினைகளைக் கையாளும் விதம் அதனால் மேம்பட்டது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 21 ஆய்வுகளை, மொத்தம் 22,604 பேரை, எடுத்துப் பார்த்தது. உதவி பெற்றவரின் மனநலம் தேறியதா என்ற முக்கியமான கேள்விக்கு உறுதியான முடிவு எதுவும் எட்டவில்லை. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 'இது வந்தால் அட்ரிஷன் குறையும்', அதாவது ஆட்கள் வேலையை விட்டுப் போவது குறையும், என்று கொட்டேஷனில் எழுதினால் அந்த வரிக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

ஆதாரத்தைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முதலுதவிப் பயிற்சி, உதவுபவரையும் உதவி பெறுபவரையும் சமமானவர்களாக நினைத்துக் கட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரித் தோழி, பேருந்தில் அருகில் இருப்பவர். மேலாளர் அப்படிப்பட்டவர் இல்லை. அப்ரைசல் ரேட்டிங் போடுவதும் லீவு அனுமதிப்பதும் அவர்தான். பல சமயம் அந்த உளைச்சலுக்குக் காரணமும் அவராகவே இருக்கக்கூடும். 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று அவர் சொன்னால், எதிரில் இருப்பவர் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். இன்னொரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லாதது மேலாளரிடம் இருக்கிறது. கெடுவை நகர்த்தலாம், ஷிப்டை மாற்றலாம், ஒரு கிளையன்ட் காலிலிருந்து ஒருவரை விடுவிக்கலாம். இரண்டு நாள் பாடத்தில் இதற்கென்று எதுவும் இல்லை.

ரெஸ்பெக்ட் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தையும் பிளாக் டாக் இன்ஸ்டிட்யூட்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கியது, மேலாளருக்கு மட்டும். ஆங்கிலப் பெயரின் ஏழு எழுத்துக்கும் ஏழு வழிமுறை: தொடர்பை விடாதீர்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பரிவோடு பேசுங்கள், வைத்தியம் பார்க்காமல் வேலை சார்ந்த உதவி செய்யுங்கள், உதவி நாடத் தூண்டுங்கள், வேலைக்குத் திரும்பும் வழிகளை யோசியுங்கள், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அடுத்த சந்திப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது வரிக்காகவே இதற்கு அரை மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். நம் ஊர் மேலாளருக்கு வைத்தியம் பார்ப்பதில் உள்ள ஆசை அப்படி.

இதைச் சோதித்த விதமும் கவனிக்க வேண்டியது. நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில் 128 மேலதிகாரிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள். வகுப்பில் எப்படி இருந்தது என்று கேட்பதோடு நிற்காமல், ஆறு மாதம் கழித்து அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களின் விடுப்புக் கணக்கை எடுத்தார்கள். 2017-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த முடிவின்படி, வேலை சார்ந்த நோய் விடுப்பு பயிற்சி பெற்ற குழுவில் 1.56 சதவீதத்திலிருந்து 1.28 ஆனது, பெறாத குழுவில் 0.95-லிருந்து 1.23 ஆனது. போட்ட ஒரு பவுண்டுக்கு 9.98 பவுண்டு திரும்பியது என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லா விற்பனை ஸ்லைடிலும் பார்க்கலாம். ஸ்லைடில் வராத இரண்டு சங்கதி உண்டு. ஆறு மாத முடிவில் கணக்கில் நின்றவர்கள் 44 அதிகாரிகள்தான், பயிற்சி பெற்றவர் 25, பெறாதவர் 19. தொடக்கத்திலேயே இரண்டு குழுக்களின் விடுப்பு விகிதமும் ஒன்றாக இல்லை. ஆகவே அந்த 9.98-ஐ உங்கள் நிதித் துறைக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். விடுப்புக் கணக்குவரை போய்ப் பார்த்த பயிற்சி என்பதே போதுமான சிறப்பு.

உள்ளூரில் 'ரெஸ்பெக்ட்' என்ற பெயரிலேயே கிடைக்காமல் போகலாம். பெயர் முக்கியமில்லை. நான்கு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் மேலாளர்களின் வாய் பேசுகிறது என்று பாருங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால் அது விரிவுரை. மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் மேலாளர், ஒருவர் ஊழியர், மூன்றாமவர் கையில் கடிகாரமும் ஒரு தாளும். பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் அலசல், பிறகு இடம் மாறுதல். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம். இப்படி இரண்டு சுற்றாவது வேண்டும், ஏனென்றால் முதல் சுற்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டே நடிப்பார்கள். தாளில் மூன்றாமவர் குறிக்க வேண்டியது நான்கே: முதல் அறிவுரை எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, கண்ணால் பார்த்த விஷயம் எத்தனை சொல்லப்பட்டது, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார், அடுத்த தேதி குறித்தாரா. முதல் சுற்றில் அறிவுரை இரண்டாம் நிமிடத்துக்குள் வந்துவிடும். 'எல்லாருக்கும் இருக்கறதுதான்', 'காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வாக்கிங் போங்க', 'எங்க காலத்துல...' இந்த மூன்றில் ஒன்று.

அந்த எட்டரை மணி மெசேஜுக்கே வருவோம். 'ஓகே' என்று மட்டும் போட்டால், கோபமாக இருக்கிறார் என்று அந்தப் பெண் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். 'நாளைக்கு வந்து என்னைப் பாருங்க' என்று போட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும். நல்ல பயிற்சியில் இதற்கு வார்த்தை கிடைக்கும்: 'சரி, இன்னைக்கு ரெஸ்ட் எடுங்க. இன்னைக்கு கால் நான் பாத்துக்கறேன். நாளைக்கு ஒரு 20 நிமிஷம் பேசலாம். லீவைப் பத்தி இல்ல, நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான்.' எதற்குப் பேச்சு, எவ்வளவு நேரம், எது இல்லை என்று மூன்றும் அதில் இருக்கிறது.

மறுநாள் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பது அடுத்த சோதனை. 'என்னம்மா, டல்லா இருக்கீங்க?' என்றால் 'ஒண்ணுமில்ல சார்' என்ற பதில் தயாராக இருக்கும். 'உங்களுக்கு டிப்ரஷன் மாதிரி தெரியுது' என்பது அதைவிட மோசம். அது டாக்டர் சொல்ல வேண்டியது. பார்த்ததை மட்டும் தேதியோடு சொல்வதுதான் முறை: 'மூணு வாரமா மதியம் எங்ககூடச் சாப்பிட வர்றதில்ல. போன செவ்வாய் ரிப்போர்ட்ல ஒரே ஷீட் ரெண்டு தடவை போயிருந்துச்சு, அது உங்க வழக்கமே இல்ல. எப்படி இருக்கீங்க?' சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி மௌனம் மேலாளருக்கு யுகம் போலத் தெரியும். அந்தப் பத்து விநாடியைப் பழக்கத்தான் இவ்வளவு செலவு.

'மனநலம்' என்ற சொல்லும் இந்தப் பேச்சுக்கு உதவாது. அது போஸ்டரில் வரும் சொல். ஆட்கள் சொல்வது வேறு: தூக்கமே வரல, தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது. உடம்பைச் சொல்லித்தான் மனதுக்கு வருவார்கள். இதைப் பிடித்துக்கொள்ளத் தெரியாத பயிற்றுநர், அசிடிட்டிக்கு மாத்திரை போடச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். அதே போல, கேன்டீன் கிண்டலில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சகஜமாகச் சொல்லும் டீமில் யாரும் தன் டாக்டர் சீட்டைக் காட்ட மாட்டார்கள். 1794-ல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். வகுப்பில் இதைப் பேசாத பயிற்சி எந்த ஊருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கலாம்.

இப்போது தற்கொலை எண்ணம். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லா மேலாளருக்கும் உண்டு. ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் தரவில்லை. நேராகக் கேட்பதால் அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை, மாறாகப் பேசக் கிடைத்த நிம்மதிதான் தெரிகிறது. ஆனால் தமிழில் கேட்கும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'தப்பா எதுவும் யோசிக்கலையே?' என்றுதான் இயல்பாக வாயில் வரும். அந்தக் கேள்வி 'இல்ல' என்ற பதிலைக் கெஞ்சி வாங்கிக்கொள்கிறது; அந்த எண்ணம் தப்பு என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 'இவ்வளவு கஷ்டத்துல இருக்கும்போது சிலருக்குச் செத்துடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா?' என்பதுதான் கேட்க வேண்டிய வடிவம். இதை வாய்விட்டு, குறைந்தது மூன்று முறை, ஒவ்வொருவரும் சொல்லிப் பழக வேண்டும். முதல் முறை எல்லோருடைய குரலும் கம்மும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் அடுத்து என்ன என்பதும் அப்போதே தெரிந்திருக்க வேண்டும்: அவரைத் தனியாக விடக் கூடாது, அவருக்குத் தெரிந்தே வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அழைக்க வேண்டும், அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-க்கு அங்கேயே உட்கார்ந்து சேர்ந்து போன் போடலாம், உடனடி ஆபத்து என்றால் மருத்துவமனை. இங்கே மேலாளர்கள் செய்யும் தவறு, பேச்சின் தொடக்கத்தில் 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்' என்று கொடுத்துவிடுவது. உயிர் சம்பந்தப்பட்டால் அந்தச் சத்தியத்தை உடைத்தே ஆக வேண்டும். 'நமக்குள்ளேயே இருக்கும், உங்க உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் இன்னொருத்தர்கிட்ட உதவி கேப்பேன், அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்' என்பதுதான் கொடுக்கக்கூடிய வாக்கு.

நீண்ட விடுப்பில் இருப்பவருக்குப் போன் போடும் பகுதியும் ரெஸ்பெக்ட் பாணியில் நன்றாக வருகிறது. மேலாளர்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள்: தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆறு வாரம் மௌனம், அல்லது தினமும் 'எப்ப ஜாயின் பண்றீங்க?'. விடுப்பு தொடங்கும்போதே எத்தனை நாளுக்கு ஒருமுறை, போனா மெசேஜா என்று அவரையே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு பத்து நிமிடம் பலருக்குச் சரியாக இருக்கும். அதில் வேலை விசாரணை வேண்டாம். திரும்பி வரும் முதல் வாரத்தில் அரை நாள், நிலுவையிலிருக்கும் மெயில்களுக்கு இன்னொருவர், முதல் நாள் டீமிடம் என்ன சொல்வது என்பது அவர் தேர்வு. இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 'மெதுவா பாத்துக்கலாம்' என்று வாயால் சொல்வது இரண்டாம் நாள் ஸ்டாண்டப் மீட்டிங்கில் கரைந்துவிடும்.

இவ்வளவு பழகியும், பத்துப் பேர் வேலையை ஆறு பேர் செய்யும் டீமில் எந்தப் பேச்சும் எடுபடாது. உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டு நெறிகள் மேலாளர் பயிற்சியை வலுவாகப் பரிந்துரைக்கின்றன. கூடவே, வேலையின் அமைப்பிலேயே கைவைக்கும் நடவடிக்கைகளையும், மேலாளர் சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார் என்ற எல்லையையும் சொல்கின்றன. கொட்டேஷன்களில் முதல் பாதிதான் மேற்கோளாக வரும்.

அதனால்தான் மதியத்துக்கு ஹெச்.எஸ்.இ. கருவிகள். 2004-ல் வந்த அவர்களுடைய நெறிமுறை வேலை நெருக்கடியை ஆறு வாசலாகப் பிரிக்கிறது: பணிச்சுமை, தன் வேலைமீது தனக்குள்ள பிடி, ஆதரவு, உறவுகள், பொறுப்பின் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். ஊழியர்களுக்கு 35 கேள்வித் தாள் ஒன்று. மேலாளரின் நடத்தையை அளக்க 66 கேள்வித் தாள் இன்னொன்று. அதை மேலாளரும் நிரப்பலாம், அவருக்குக் கீழுள்ளவர்களும் பெயர் போடாமல் நிரப்பலாம். இரண்டும் இலவசம். கேள்விகள் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் குறி தப்பாது. 'எப்போது இடைவேளை எடுப்பது என்பதை நானே முடிவு செய்யலாம்' என்பது இரண்டாவது கேள்வி. தையல் லைனில் மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டு தொங்கும் இடத்தில் இதை வாசித்தாலே பதில் தெரிந்துவிடும். 'வெவ்வேறு குழுக்கள் என்னிடம் கேட்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை' என்பது மூன்றாவது. ப்ராஜெக்ட் மேனேஜர் ஒருவர், லைன் மேனேஜர் ஒருவர், கிளையன்ட் பக்கம் ஒருவர் என்று மூன்று முதலாளி வைத்திருக்கும் ஐ.டி. ஊழியருக்கு இது எழுதிவைத்த மாதிரி இருக்கும்.

குறை: அப்படியே மொழிபெயர்த்தால் தமிழ் விறைத்துப்போகும். 35 கேள்வியையும் ஐந்தாறு ஊழியரிடம் முதலில் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லித் திருத்த வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான டீமின் முடிவைத் தனியாக அச்சிட்டால் யார் என்ன எழுதினார்கள் என்று மேலாளர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த முறை எல்லோரும் நடுக்கட்டத்தில் டிக் போடுவார்கள். வகுப்பில் பயன்படுத்தும்போது ஒவ்வொரு மேலாளரும் ஆறு வாசலில் ஒன்றை எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் இரண்டு வாரத்தில் மாற்றக்கூடியது ஒன்று, மேலிடத்து அனுமதி வேண்டியது ஒன்று என்று எழுத வேண்டும். தொடர்ந்து ஏழு ராத்திரி ஆன்-கால் என்பதை மூன்று, நான்கு என்று உடைப்பது முதல் வகை. ப்ராஜெக்ட் முடிகிறது என்ற செய்தியை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெயிலில் போடாமல் செவ்வாய் காலையில் நேரில் சொல்வதும் முதல் வகைதான். இரண்டாம் வகைப் பட்டியலை வாங்கிக்கொள்ள மேலதிகாரி ஒருவர் நான்கு மணிக்கு வந்து உட்கார வேண்டும். காலையிலிருந்தே அவர் உட்கார்ந்திருந்தால் நடிப்புச் சுற்றில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சட்டப் பகுதியை விரைவாகச் சரிபார்த்துவிடலாம். தற்கொலை முயற்சி குற்றம் என்று ஸ்லைடில் இருந்தால் அது தூசு தட்டாத ஸ்லைடு. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-வது பிரிவில், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்படக் கூடாது என்று சொல்லிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் 2017 சட்டத்தில்தான். குழுக் காப்பீட்டில் என்ன கிடைக்கும் என்று மேலாளருக்குத் தெரிந்தால் பேச்சில் சொல்ல ஒரு நிஜமான விஷயம் கையில் இருக்கும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையில் மனநோயையும் சேர்த்திருக்கிறது. உதவி எண்களில், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். நிறுவனம் காசு கொடுத்து வைத்திருக்கும் கவுன்சலிங் எண்ணை மட்டும் தரும் பயிற்சி போதாது. 'கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்' என்று அதற்குப் போடாதவர் வெளி எண்ணுக்குப் போடுவார்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்றால் 15-க்கு மேல் சொல்லக் கூடாது. 40 பேரை ஹாலில் உட்கார வைத்தால் அது கூட்டம். நடித்துப் பார்க்கும் காட்சிகளை உங்கள் வேலையிலிருந்து எழுதித் தருவார்களா, அல்லது 'ஜான் சில நாட்களாக அமைதியாக இருக்கிறான்' என்று எங்கோ அச்சிட்ட அட்டையையே தருவார்களா. வகுப்பில் ஒருவர் அழுதுவிட்டால் அவரோடு வெளியே போக இரண்டாவது ஆள் வருகிறாரா. 15 மேலாளர்கள் இருக்கும் அறையில் தானே அந்த நிலையில் இருப்பவர் ஒருவராவது இருக்கக்கூடும். செலவைப் பொறுத்தவரை, கட்டணத்தைவிட நேரம்தான் பெரிது: 40 மேலாளர்களுக்கு 12 மணி நேரம் என்றால் 480 வேலை மணி, நான்கு மணி நேரம் என்றால் 160. மிச்சமாகும் 320 மணியில் எல்லோருக்கும் மூன்றாம் மாதம் 90 நிமிட மறுபழக்கம் வைத்தாலும் 60 மணிதான் போகும். அந்த மறுபழக்கம் இல்லாத பேக்கேஜை எடுக்க வேண்டாம். முதலுதவிச் சான்றிதழுக்கேகூட மூன்று ஆண்டுதான் ஆயுள்.

பலனை அளக்க, வகுப்பு முடிந்ததும் வாங்கும் ஐந்து நட்சத்திரத் தாள் உதவாது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தாலே நான்கரை வந்துவிடும். மூன்றாம் மாதம் ஊழியர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'கடந்த 30 நாளில் உங்கள் மேலாளர், வேலையைப் பற்றி இல்லாமல், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தனியாகக் கேட்டாரா?' பயிற்சிக்கு முன்பும் இதைக் கேட்டு வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். கவுன்சலிங் எண்ணுக்கு வரும் அழைப்புகள் முதலில் கூடும். அதைப் பார்த்து மேலிடம் பதறும். பயிற்சி வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இரவு ஷிப்ட் இருக்கும் இடங்களுக்கு ஒரு சேர்க்கை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடித்தவர்களை பத்து மணி வகுப்பில் உட்கார வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தூக்கம் கெடுவது மனநலத்தைக் கெடுக்கும் என்ற ஸ்லைடை அவர்கள் தூங்கி வழிந்துகொண்டே பார்ப்பார்கள். வகுப்பை இரவு பத்து மணிக்கு வையுங்கள். பயிற்றுநர் வர மறுத்தால் அடுத்த கொட்டேஷனை எடுங்கள்.